பெட்டியில் கியூஆர் ஒட்டிவிட்டால் போதுமா?

திருகோணமலையின் கொட்பே துறைமுகத்தில் இறங்கும் சூரை (டூனா) மீனை எந்தப் படகு பிடித்தது என்று கைபேசியிலேயே பார்ப்பது நல்ல வசதிதான். ஆனால் பெட்டியில் கியூஆர் ஒட்டியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் திருமலையில் அதிகம்.

அடிக்கடி நடப்பது கலப்பு. ஏலம் முடிந்ததும் மூன்று படகு மீனை ஒரே பெட்டியில் கொட்டி, ஐஸ் போட்டு, ஒரு படகின் எண்ணை ஒட்டிவிடுகிறோம். நாளைக்கு அதில் ஒரு மீன் பழுது என்றால் யாருடையது என்று எப்படிச் சொல்வது? கலக்கத்தான் வேண்டும் என்றால் புதுத் தொகுதி எண் கொடுத்து, பழைய மூன்று எண்களையும் அதோடு சேர்த்துப் பதியுங்கள். பெட்டியைச் சில்லறைக்குப் பிரிக்கும்போதும் அப்படியே.

திகதியும் ஏமாற்றும். பலநாள் படகில் முதல் நாள் பட்ட மீனும் கடைசி நாள் பட்ட மீனும் ஒரே நாளில்தான் கரையேறும். கரையேறிய நாளைப் பிடித்த நாள் என்று எழுதினால் பழைய மீன் புது மீனாகிவிடும். கடலில் சிக்னல் இராது. ஆகவே இணையம் இல்லாமலும் பதியக்கூடிய செயலி வேண்டும், தமிழ்த் திரையோடு. கரைக்கு வந்தபின் நினைவில் இருந்து நிரப்பினால் அது பதிவே இல்லை.

அப்புறம் வெப்பமானி. கூலர் லொறியின் சுவரில் மாட்டிவிட்டு, 2 பாகை காட்டுகிறது என்று திருப்திப்படுவார்கள். அது காற்றின் குளிர். நடுப்பெட்டியில் கிடக்கும் பெரிய மீனின் தடித்த சதைக்குள் உணரியின் ஊசி போக வேண்டும். அங்கே 4 பாகைக்கு மேல் ஏறக்கூடாது. சூரையில் குளிர் தப்பினால் பாக்டீரியாக்கள் சதையில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளாக மாற்றிவிடும். தின்றவருக்கு முகம் சிவக்கும், தலையிடிக்கும், உடம்பு தடிக்கும். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் பொரித்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. மணத்தை நம்பவும் முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பும் சூரையில் 9 மாதிரிகளின் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

படகில் செய்மதிக் கருவி இருக்கிறதே என்பார்கள். 2015இல் ஐரோப்பா நம் மீனுக்குத் தடை போட்டது சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்பதற்காக. 2016இல் தடை நீங்கியது. செய்மதிக் கருவி அந்தக் குறைக்கு உதவும்: படகு எங்கே நின்றது என்று சொல்லும். ஐஸ் எப்போது கரைந்தது என்று சொல்லாது. பிளாக்செயின் (பதிந்ததைப் பிறகு யாரும் மாற்ற முடியாதபடி வைக்கும் கணினிப் பதிவு முறை) விற்க வருபவரிடமும் இதையே கேளுங்கள்: பிழையாகப் பதிந்ததை அது திருத்துமா? திருத்தாது, பத்திரமாக வைத்திருக்கும்.

மாதம் ஒருமுறை கடையில் ஒரு பெட்டியைத் தூக்கி, அதன் எண்ணை வைத்துப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். படகு, பிடித்த நாள், வழியில் இருந்த குளிர், அதே தொகுதியை வாங்கிய மற்றக் கடைகள் எல்லாம் யாருக்கும் போன் போடாமல் கிடைக்க வேண்டும். போன் போட வேண்டி வந்தால், யாருக்குப் போட்டீர்களோ அவரிடம் இருந்து திருத்தத் தொடங்குங்கள்.