தன் சாயலில் ஒரு மாயப் பாத்திரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் ஞாயிறுதோறும் கதை எழுதப் பழகும் இளைஞர்கள் சிலர் கூடுகிறார்கள். சென்ற மாதம் அவர்கள் வாசித்த நான்கு மிகுபுனைவுக் (ஃபேன்டஸி) கதைகளிலும் நாயகராக வந்தவர் எழுதியவரே என்பது முதல் பத்தியிலேயே விளங்கிவிட்டது. அதில் தவறேதும் இல்லை. ஆனால் நான் முன்பு விழுந்த அதே குழியை நோக்கி அவர்களும் நடப்பதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. ஊதாநிறக் கண்களையும் வாயில் நுழையாத பெயர்களையும் அவர்களே திருத்திக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

காயத்தின் மேலேயே வரத்தைக் கட்டுவது

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர்ச் சீமை. நானோ வீட்டில் தமிழும், ஆரியங்காவுக்கு அப்பால் படித்த பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்தவன். அங்கே என்னைப் ‘பாண்டி’ என்றார்கள். இங்கே ‘மலையாளத்தான்’ என்றார்கள். ஆகவே என் சாயலில் நான் படைத்த வனமகளுக்கு, பறவைமொழி உட்பட எல்லா மொழிகளும் பிறவியிலேயே கைவந்தன. மூன்று ஆண்டுகளில் 412 பக்கங்கள் எழுதினேன். பாதிக்குப் பிறகு கதை நகர மறுத்தது. காரணம் புரியாமல் இரண்டு போர்களையும் ஒரு நாகத்தையும் சேர்த்தேன். வில்லிசை பாடும் என் சித்தப்பா முழுவதையும் படித்துவிட்டு, “ஏல, இவளுக்குத்தான் எல்லாம் வாய்ச்சிருக்கே, பொறவு கதை எதுக்கு?” என்று கேட்டார்.

அவர் பாடும் இசக்கி கதையில் வஞ்சித்துக் கொல்லப்பட்டவளுக்குப் பழிதீர்க்கும் ஆற்றல் கிடைக்கிறது. இழந்த வாழ்வு கிடைப்பதில்லை. மலைக்கு மேற்கே, பாலைமரத்தடியில் வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்கும் யட்சியையும் ஓர் இரும்பாணி அடக்கிவிடும். நானோ என் வலி எதுவோ அதையே வரத்தால் அழித்துவிட்டு, வலியில்லாத ஒருத்தியைச் சுமந்து அலைந்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. பின்னர் அவளை மாற்றினேன்: எல்லா மொழியும் அவளுக்குப் புரியும், ஆனால் எதைப் பேசினாலும் கேட்பவர் காதில் அக்கரைக்காரியின் வாடையே ஒலிக்கும். பழைய 412 பக்கங்களில் தேறியவை முப்பது.

எல்லோரும் நாயகரையே நேசிப்பது

1973ஆம் ஆண்டு ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழொன்றில் பவ்லா ஸ்மித் எழுதிய பகடியில், பதினைந்தரை வயதிலேயே லெப்டினன்ட் ஆன மேரி சூ என்பவள் வருகிறாள். எல்லோரும் மெச்சும் குறையற்ற நாயகியருக்கு அவள் பெயரே நிலைத்துவிட்டது. ‘அளவுகடந்த இரக்கமே இவன் குறை’ என்று எழுதித் தப்பிக்க முயல வேண்டாம். தங்கையிடம் பொய் சொன்ன நாள் ஒன்று உங்களுக்கு இருக்குமே, அதை அவனுக்குக் கொடுங்கள்.

பழைய பகை

உங்கள் கணக்கு வாத்தியாரை அரக்கனாக்காதீர்கள். வாசகருக்கு அவரைத் தெரியாது.

ஊரை ஒளிப்பது

ஆனி பிறந்தால் கணவாய்க் காற்றோடு சாரல் நுழையும் ஊரில் இருந்துகொண்டு, கண்ணால் காணாத பனிக்கோட்டைகளை எழுதுகிறார்கள். சாரல் நாள்களில் மூச்சு இளைக்கும் ஒரு பெண் மட்டும், மழையை அழைக்கும் தன் மந்திரக்காரி ஒவ்வொரு முறையும் மூச்சுத் திணறுவதாக எழுதி வந்தாள். அதை இருமுறை வாசிக்கச் சொன்னேன்.