சளிக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? நாம் செய்கிற தவறுகள்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் என் பெரியப்பா மகன் கடை வைத்திருக்கிறார். ராத்திரி 11 மணிக்குப் படுத்து 3 மணிக்கு எழுந்துவிடுவார். மல்லிகை மூட்டைகள் வந்து இறங்குவதற்குள் இரண்டு டீ. மாதம் தவறாமல் சளி. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேதான் எடை போடுவார். கேட்டால், "ஈரப் பூவுலயே கெடக்கேன்ல, அதான்டா" என்பார். தூக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "நாலு மணி நேரம் போதும், பழகிருச்சு."

முதல் தவறு இந்த 'பழகிருச்சு'தான். அமெரிக்காவில் 164 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. ஒரு வாரம் அவர்கள் கையில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். அப்புறம் சளி வைரஸை மூக்கில் சொட்டாக விட்டு, தனியாகத் தங்கவைத்துக் கவனித்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் இருந்தது. வயது, மன அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இதே நிலைதான்.

காரணம் என்ன? நம் ரத்தத்தில் டி செல்கள் என்ற, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வைரஸ் புகுந்த செல்லைக் கண்டால் அதோடு ஒட்டிக்கொண்டுதான் அதை அழிக்க முடியும். அட்ரினலின் மாதிரியான ஹார்மோன்கள் அந்த ஒட்டும் சக்தியைக் குறைக்கின்றன. தூங்கும்போது அந்த ஹார்மோன்கள் இறங்கிவிடுவதால் டி செல்கள் நன்றாக ஒட்டுகின்றன. 2019இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த விஷயம் இது.

யாரும் யோசிக்காத தவறு ஒன்று உண்டு: தடுப்பூசி போட்ட அன்று ராத்திரி விழித்திருப்பது. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டவர்களில் அன்று இரவு தூங்கியவர்களுக்கு, விழித்திருந்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு எதிர்ப்பொருள் நாலு வாரம் கழித்து இருந்தது. ஆகவே ஊசி போடும் வாரத்தில் லோடு ஏற்றுவது, வெளியூர்ப் பயணம் எதுவும் வேண்டாம்.

ராத்திரி 10 மணிக்குக் கொத்துப் பரோட்டா, அதன் மேல் ஒரு டீ என்பது நம் ஊர்ப் பழக்கம். டீயில் இருக்கும் கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். படுத்தாலும் ஆழ்ந்த தூக்கம் வராது. சாயங்காலத்தோடு டீயை நிறுத்துங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு என்றால் 4 மணிக்கு எழுப்பி டியூஷனுக்கு அனுப்புகிறோம். ராத்திரி படுப்பதும் 11 ஆகிவிடுகிறது. பதின்வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பரீட்சை நேரத்தில் பிள்ளை காய்ச்சலில் விழுந்தால் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுகிறோமே தவிர, அது எத்தனை மணிக்குப் படுத்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரி விழித்திருப்பதைச் சொல்லவில்லை. ஓர் இரவு விழிப்பை அடுத்தடுத்த நல்ல தூக்கம் ஈடுகட்டிவிடும். தினமும் நடப்பதைத்தான் சொல்கிறேன்.

ராத்திரி வேலை பார்ப்பவர்கள், சேர்ந்தாற்போல் 7 மணி நேரம் கிடைக்காது என்று கைவிட்டுவிடுவதும் தவறு. 2 மணி நேரம் மட்டும் தூங்கியவர்களை மறுநாள் அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை தூங்கவைத்துப் பார்த்தபோது, முன்னே சொன்ன அட்ரினலின் வகை ஹார்மோன் ஏறாமல் இருந்தது. பகல் தூக்கமும் கணக்கில் சேரும். அறை இருட்டாக இருக்க வேண்டும், போன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

அண்ணனிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்போது வியாபாரம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டிவிட்டு மூன்று மணி நேரம் படுக்கிறார். அந்த நேரத்தில் போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார், அதுவும் குரலைத் தாழ்த்தி.