ஏஐ ஏஜென்டிடம் கமிட் வரலாறு கேட்கும்போது

"கமிட் பட்டியலை எடு" என்று, நமக்காக வேலை செய்யும் ஏஐ ஏஜென்டிடம் மொட்டையாகச் சொல்லாதீர்கள். (கமிட் என்பது கோடில் செய்த மாற்றத்தின் ஒரு பதிவு.) எந்த ஃபைல், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கோடைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்திலிருந்து நிரல்கள் தகவல் எடுக்கும் வழியான கிட்ஹப் ஏபிஐ, எண்ணிக்கை எதுவும் குறிப்பிடாவிட்டால் பக்கத்துக்கு 30 கமிட் தரும், அதிகபட்சம் 100. ஒவ்வொன்றோடும் எழுதியவர் விவரம், முந்தைய கமிட்டின் ஹேஷ் (அடையாளக் குறியீடு), கையொப்பச் சரிபார்ப்பு, நீள நீளமான இணைப்புகள் என்று ஒரு மூட்டை தரவு ஜேசன் வடிவத்தில் வரும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு வரிச் செய்திதான். மீதியெல்லாம் டோக்கனை, அதாவது ஏஐ படிக்கும் சொல்துண்டுகளின் அளவை, வீணாகத் தின்னும். ரெப்போ (கோடும் அதன் வரலாறும் இருக்கும் கிடங்கு) கணினியிலேயே இருந்தால் இன்னும் சுலபம்: வரலாற்றைக் காட்டும் கிட் லாக் கட்டளையை ஒன்லைன் ஆப்ஷனோடு ஓட்டச் சொல்லுங்கள், சுருக்கிய ஹேஷும் தலைப்பும் மட்டும் வரும்.

ஃபைலின் பெயர் இடையில் மாறியிருந்தால் மட்டும், ஃபைல் பெயரைச் சொல்லித் தேடுவது முழுதாகக் கைகொடுக்காது. பெயர் மாறிய கமிட்டோடு பட்டியல் நின்றுவிடும். அப்போது பழைய பெயரையும் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள்.