ஸ்க்ரூ வைத்த முதுகில் ஊசி: கைநழுவும் முதல் ஆறு மணி நேரம்

முதுகில் ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைத்த பிறகும் காலில் சுரீர் வலி விடாதபோது, குமரி மாவட்டத்தின் குழித்துறையிலும் களியக்காவிளையிலும் இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்குத்தான் வண்டியேறுகிறார்கள். அங்கே "ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம்" என்பார்கள். வெறும் வயிற்றோடு வருவது, துணைக்கு ஆள் கூட்டி வருவது போன்றவற்றை ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதால் நாம் செய்யும் தவறுகளைப் பார்ப்போம்.

வலியைக் குறித்து வைக்காமல் வீடு திரும்புவது

நரம்பு வேரின் பக்கத்தில் போடும் ஊசியில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் சேரும். லிக்னோகெய்ன் போன்ற மரப்பு மருந்து சில நிமிடங்களில் பிடித்து, சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஸ்டீராய்டு வேலையைத் தொடங்க இரண்டு நாள் முதல் ஒரு வாரம் ஆகும். நடுவில் வலி திரும்பும்; அது ஊசி பலிக்கவில்லை என்பதற்கு அடையாளம் அல்ல.

வலி எந்த நரம்பிலிருந்து வருகிறது என்பதற்கான சாட்சி அந்த மரப்பு நேரம்தான். அதைத்தான் வீணாக்குகிறார்கள். ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி கட்டிலில் மல்லாந்து கிடக்கிறார். நர்ஸ் வந்து மலையாளத்தில் "குறவுண்டோ?" (வலி குறைந்திருக்கிறதா?) என்று கேட்டால் "உண்டு" என்கிறார். படுத்தால் எப்போதுமே குறைகிற வலி அது, மரத்தடியில் நின்றால்தான் வரும். ஆனால் கேஸ் ஷீட்டில் "குறைந்தது" என்று ஏறிவிடுகிறது. அதை நம்பி அதே இடத்தில் இரண்டாவது ஊசி, பிறகு மூன்றாவது. "மூணு ஊசி கோர்ஸ்" என்று முதல் நாளே முன்பணம் வாங்குவதைப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. முதல் ஊசி என்ன சொன்னது என்று தெரியாமல் இரண்டாவதை எப்படி முடிவு செய்ய முடியும்?

வலியை வரவழைக்கும் ஒரு அசைவை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்: பத்து நிமிடம் நிற்பது, அல்லது ஒரு மாடிப்படி ஏறுவது. ஊசிக்கு முன் அதைச் செய்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று எழுதுங்கள். தேவைக்கு மட்டும் போடும் வலி மாத்திரையை அன்று காலை தவிர்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நரம்பு வலி மாத்திரையான பிரீகாபலினைத் தானாக நிறுத்தக் கூடாது. ஊசிக்குப் பின் அரை மணி, ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு மணி நேரத்தில் அதே அசைவைச் செய்து எழுதுங்கள். கால் துவளலாம், ஆள் பிடித்துக்கொள்ளட்டும். பிறகு 14 நாள், தினம் ஒரு வரி.

முதல் சில மணி நேரம் நன்றாகக் குறைந்து, பின்பு ஸ்டீராய்டு எடுபடவில்லை என்றால் நரம்பு பெரும்பாலும் சரி, மருந்துதான் போதவில்லை. முதல் மணியிலேயே வலி குறையவில்லை என்றால் இடுப்பு மூட்டு, தளர்ந்த ஸ்க்ரூ, பக்கத்து டிஸ்க் என்று வேறு இடத்தைத் தேட வேண்டும். அதே இடத்தில் மறு ஊசி பணத்துக்குக் கேடு.

ஆபரேஷனுக்கு முந்தைய எம்.ஆர்.ஐ.யைக் கொண்டு போவது

அது பழைய முதுகின் படம். சாயம் ஏற்றி எடுத்த புதிய எம்.ஆர்.ஐ.யில் தழும்புத் திசு பளிச்சென்று தெரியும், பிதுங்கிய டிஸ்க் அப்படித் தெரியாது. ஸ்க்ரூவின் நிலைக்கு சி.டி. ஸ்கேன் நல்லது.

எந்த வழியாக ஊசி என்று கேட்காதது

எலும்பை வெட்டித் திறந்த நடுமுதுகில் தழும்பு ஒட்டியிருக்கும். அதன் வழியே போனால் தண்டுவட உறை கிழியலாம். அதனால் வால் எலும்புப் பக்கமோ நரம்புத் துளையோ ஏற்றது. சி-ஆர்ம் (ஊசி போகும்போதே காட்டும் எக்ஸ்ரே) படமும் சாயமும் கட்டாயம். நரம்புத் துளை வழியே என்றால் துகள் இல்லாத டெக்சாமெத்தசோனையே முதலில் கேளுங்கள். துகள் உள்ள ஸ்டீராய்டு ரத்தக் குழாயில் புகுந்தால் தண்டுவடத்துக்கு ரத்தம் தடைபடலாம். கழுத்து, முதுகு ஊசிகளில் அரிதாக நேரும் கடும் நரம்புப் பாதிப்பு பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மறைப்பது

வார்ஃபரினை வழக்கமாக 5 நாளும் குளோபிடோக்ரெலை 7 நாளும் முன்பே நிறுத்துவார்கள். ஸ்டென்ட் இருந்தால் இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

சர்க்கரை

ஸ்டீராய்டால் சில நாள் ஏறும். தினம் பாருங்கள்.

காய்ச்சலோடு போவது

தள்ளிப்போடுங்கள். உள்ளே உலோகம் இருக்கிறது, கிருமி அதில் பற்றிக்கொள்ளலாம்.

மறு பார்வை நாள் வரை காத்திருப்பது

மரப்பு விட்ட பிறகும் கால் பலமிழந்தால், ஆசனவாய்ப் பகுதி மரத்தால், சிறுநீர் போகாவிட்டால், காய்ச்சலோடு முதுகு வலி கூடினால் அன்றிரவே பக்கத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். என்ன மருந்து, முதுகெலும்பின் எந்த மட்டத்தில் போட்டார்கள் என்று எழுதிய தாள் கையில் இருக்கட்டும்.