எந்தத் தூதரகத்தின் கதவைத் தட்டுவது: ஒரு நைட்டி வியாபாரியின் அனுபவம்

போன மாதம் காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி வந்தான். கருவாட்டு வியாபாரம் செய்கிறவன். எங்கள் மாடியில் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, டீ ஆறும்வரை தயங்கிவிட்டு, "அக்கா, கொழும்புக்கு நெத்திலி அனுப்பணும். எம்பசியில உங்களுக்கு யாரையாவது தெரியுமா?" என்றான்.

எனக்கு யாரையும் தெரியாது. பதினோரு வருஷமாகப் பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், காட்டன் நைட்டி தைத்து மலேசியாவுக்கும் துபாய்க்கும் அனுப்புகிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு தூதரைக்கூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் தூதரகத்தால் நடந்த வேலை நிறைய இருக்கிறது. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், எந்த ஆபீஸ் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். இதில்தான் நான் ஆறு மாதத்தைத் தொலைத்தேன். வெளிநாட்டுக்கு விற்பது என்று முடிவானதும், சாம்பிள் பையைத் தூக்கிக்கொண்டு சென்னையில் இருக்கும் அந்த நாட்டுத் துணைத் தூதரகத்துக்குப் போய் நின்றேன். வாசலில் இருந்தவர் "விசாவா?" என்று கேட்டார். "நைட்டி" என்றேன். பாவம், அவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சென்னையில் இருக்கும் அந்த அலுவலகத்தின் முதல் வேலை, அவர்கள் நாட்டுச் சரக்கையும் முதலீட்டையும் நமக்கு அறிமுகப்படுத்துவது. நம் சரக்கை அங்கே விற்க உதவ வேண்டியது அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகம். மலேசியாவுக்கு விற்கிறவருக்கு ஆபீஸ் கோலாலம்பூரில் இருக்கிறது, சென்னையில் தேடிப் பயனில்லை. காமன்வெல்த் நாடுகளில் அதற்கு ஹை கமிஷன் என்று பெயர், வேலை ஒன்றுதான். அமீரகத்தில் எம்பசி அபுதாபியில் இருக்கிறது, ஆனால் துபாய், ஷார்ஜா, அஜ்மான் பக்கத்து வியாபாரத்தை துபாயில் உள்ள கான்சுலேட் பார்த்துக்கொள்கிறது. இலங்கைக்குக் கொழும்பு ஹை கமிஷனோடு யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டையிலும் நம் அலுவலகங்கள் உண்டு. தூதரகங்களின் கடமைகளை வரையறுத்த 1961 வியன்னா ஒப்பந்தத்திலேயே இரு நாட்டுப் பொருளாதார உறவை வளர்ப்பதும் ஒரு கடமையாக எழுதியிருக்கிறது. அதனால் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் ஊருக்கு இந்த வேலை புதிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்தில் துணியை வெளுத்துச் சாயம் போட்டவர்கள் இருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. இங்கிருந்து போன கட்டம் போட்ட மெட்ராஸ் கைக்குட்டைத் துணி மேற்கு ஆப்பிரிக்கா வரை விலை போனது. அன்றைக்கு வெள்ளைக்காரனுக்கும் நெசவாளிக்கும் நடுவில் நின்று பாஷையும் விலையும் பேசியவர் துபாஷி. இன்றைய தூதரகத்தில் கமர்ஷியல் விங் என்று ஒரு பிரிவு இருக்கிறதே, அதை நான் அந்தத் துபாஷியின் பேரப்பிள்ளை என்றுதான் நினைத்துக்கொள்வேன். என்ன, இவர் கமிஷன் வாங்குவதில்லை.

அந்தப் பிரிவில் டில்லியிலிருந்து போன ஓர் அதிகாரி இருப்பார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போல மாறிவிடுவார். அவருக்குக் கீழே அந்த ஊரிலேயே வேலைக்கு எடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. எந்த மார்க்கெட்டில் எந்தக் கடை, யார் பாக்கியை இழுத்தடிப்பவர் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. கடிதத்தை அதிகாரி பெயருக்கு எழுதுங்கள். பதில் போட்டவர் வேறு ஒருவராக இருந்தால் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதுதான் உதவும்.

எழுதுவதற்கு முன்னால் கையில் சில சமாச்சாரங்கள் வேண்டும். ஏற்றுமதி இறக்குமதி செய்கிறவருக்கு அரசு தரும் ஐஇசி எண் இல்லாமல் எழுதாதீர்கள். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்க வேண்டும். பேங்கில் ஏடி கோடு, அதாவது ஏற்றுமதிப் பணம் வந்து சேரும் பேங்க் கிளையின் எண், வாங்கிக் கஸ்டம்ஸில் பதிய வேண்டும். உங்கள் பொருளுக்குரிய ஏற்றுமதிக் கவுன்சிலில் சேர வேண்டும். எனக்கு ஆயத்த ஆடைக் கவுன்சில், காசிமேட்டுத் தம்பிக்கு கடல் பொருள் வாரியமான எம்பிடா. இதையெல்லாம் ராஜாஜி சாலைப் பக்கம் எந்த கிளியரிங் ஏஜென்டைக் கேட்டாலும் சொல்லிவிடுவார், நான் நீட்டவில்லை.

எச்.எஸ். கோடு பற்றி மட்டும் நீட்டியே ஆக வேண்டும். உலகம் முழுக்கச் சரக்குக்கு ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. நம் ஊரில் அது எட்டு இலக்கமாக நீளும், ஆனால் முதல் ஆறும் எல்லா நாட்டுக்கும் பொது. "லேடீஸ் நைட்டி" என்று எழுதினால் தூதரகத்தில் இருப்பவருக்கு வரி விகிதம் பார்க்க வழியில்லை. நெய்த காட்டன் துணியில் தைத்தால் 6208.21. பனியன் துணி மாதிரி பின்னல் துணியில் தைத்தால் 6108.31. நான் முதலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தேன். எங்கள் கட்டிங் மாஸ்டர்தான், "அக்கா, அது தறித்துணி, இது பின்னல்; எப்படி ஒண்ணாகும்?" என்று பிடித்தார். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நிறுத்தியவர்.

இனி கடிதம். நான் முதலில் அனுப்பியதில் எங்கள் தொழிலின் வரலாறு, தரத்தின் பெருமை எல்லாம் இரண்டு பக்கம் இருந்தது. கடைசியில் "நல்ல பையர்களைத் தயவுசெய்து அறிமுகப்படுத்தவும்" என்று ஒரு வரி. பதில் வரவே இல்லை. இன்று யோசித்தால் நியாயம்தான். யாராவது வந்து "என் பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை பாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன்?

இரண்டாவது கடிதம் ஒரே பக்கம், இங்கிலீஷில். சாரம் இதுதான்:

"நாங்கள் சென்னையில் நெய்த காட்டன் நைட்டி தைக்கிறோம், எச்.எஸ். 6208.21. மாதம் நாலாயிரம் பீஸ் முடியும், குறைந்த ஆர்டர் ஐந்நூறு. சென்னைத் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும்வரைக்கான எஃப்ஓபி விலையும் மூன்று போட்டோவும் இணைப்பில். ஐஇசி, ஜிஎஸ்டி எண்கள் கீழே. எங்களுக்கு மூன்று தகவல் வேண்டும்: இதற்கு அங்கே என்ன இறக்குமதி வரி? லேபிளில் எந்த மொழியில் என்னென்ன இருக்க வேண்டும்? பெண்கள் ஆடையை மொத்தமாக இறக்குமதி செய்பவர்கள் பட்டியல் கிடைக்குமா?"

பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. முதல் இரண்டு கேள்விக்கும் விடை, இருபத்து மூன்று பெயர்கள் உள்ள ஒரு பட்டியல். அந்தப் பட்டியலைப் பார்த்து நான் அன்றைக்கு மைலாப்பூருக்குப் போய் தேங்காய் உடைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். எட்டு எண்கள் வேலை செய்யவில்லை. சிலர் நைட்டி விற்பதை நிறுத்தியே வருஷமாகியிருந்தது. கடைசியில் பேசியவர்கள் நாலு பேர், வாங்கியவர் ஒருவர். அந்த ஒருவர் இன்றும் வாங்குகிறார். பட்டியல் வந்தபிறகுதான் உங்கள் போன் பில் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் மத்திய அரசு ட்ரேட் கனெக்ட் என்ற தளத்தையும் தொடங்கியிருக்கிறது. தூதரகங்களை அதன் வழியாகவும் எட்டலாம். எனக்கு இன்னும் மெயில்தான் கை வருகிறது.

வரிக்கு வருகிறேன். நாடுகள் போடும் ஒப்பந்தம் நம் சந்துக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது எனக்கு இதில்தான் புரிந்தது. அமீரகத்தில் இறக்குமதி வரி பொதுவாக 5 சதவீதம். இந்தியாவோடு போட்ட செப்பா என்ற வர்த்தக ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறைக்கு வந்து, ஆயத்த ஆடைக்கு அந்த வரி இல்லாமல் போனது. ஆனால் தானாகப் போகாது. சரக்கு இந்தியாவில்தான் உருவானது என்ற சான்றிதழ் கூடவே போக வேண்டும். சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் என்பார்கள். சலுகைக்கானதை மத்திய அரசு அனுமதித்த அமைப்புகள் ஆன்லைனில் தருகின்றன, தூதரகம் தருவதில்லை. சலுகை இல்லாத சாதாரணச் சான்றிதழ் என்றால் வர்த்தகச் சபைகளே கொடுக்கும், பாரிமுனைப் பக்கம் எஸ்பிளனேடிலேயே ஒன்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் நிறைய.

இங்கே ஒரு வியாபார சூட்சுமம் சொல்கிறேன். நாலு லட்சம் ரூபாய் சரக்குக்கு 5 சதவீதம் என்றால் இருபதாயிரம். அந்த இருபதாயிரம் மிச்சமாவது வாங்குகிறவருக்கு, எனக்கு இல்லை. சான்றிதழுக்கு அலைவது மட்டும் நான். அதனால் விலை பேசும்போதே "வரி மிச்சத்தில் பாதியை விலையில் ஏற்றுகிறேன்" என்று சொல்லிவிடுவேன். முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். எங்கள் கேள்விக்கு வரிக் கணக்கைத் தூதரகமே எழுத்தில் கொடுத்திருந்ததால் பேரத்தில் அது கைகொடுத்தது.

அடுத்து, சரிபார்ப்பு. என்னைக் கேட்டால் தூதரகத்தால் சின்ன வியாபாரிக்கு இருக்கும் பெரிய லாபம் இதுதான். ஒருமுறை ஏதோ ஒரு நாட்டு அமைச்சகத்தின் பெயரில், முப்பதாயிரம் நைட்டி வேண்டும் என்று மெயில் வந்தது. ஆஸ்பத்திரிகளுக்காம். முத்திரை, கையெழுத்து எல்லாம் பளபளவென்று இருந்தது. டெண்டரில் பதிவதற்கு ஆயிரத்து இருநூறு டாலர் கட்டச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். "முப்பதாயிரம் பீஸை எந்தக் கவர்மென்ட் நம்மளத் தேடி வந்து கேக்கும்?" என்றார். அந்தக் காகிதத்தை அப்படியே அந்த நாட்டில் உள்ள நம் தூதரகத்துக்கு அனுப்பி, இப்படி ஒரு டெண்டர் உண்டா என்று மட்டும் கேட்டேன். ஐந்தாவது நாள், இல்லை என்று ஒரு வரிப் பதில். பணம் தப்பியது. புது பையர் யாராக இருந்தாலும் அவருடைய ட்ரேட் லைசன்ஸ் நகலை முதலில் கேட்டு வாங்குங்கள், அதைத் தூதரகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். இன்னொன்று: நம் தூதரக மெயில்கள் எம்இஏ டாட் ஜிஓவி டாட் இன் என்று முடியும். ஜிமெயிலிலிருந்து "எம்பசி கமர்ஷியல் ஆபீசர்" எழுதினால் பதில் போடாதீர்கள்.

பணம் மாட்டிக்கொண்டால் தூதரகம் என்ன செய்யும்? எனக்கு நடந்தது. வளைகுடாவில் ஒரு கடைக்காரர் இரண்டாவது சரக்கில் 70 சதவீதப் பாக்கியை நிறுத்திவிட்டார். சாயம் போகிறது என்று குற்றம். நான் கோபத்தில் நாலு பக்கம் எழுதினேன். தூதரகத்திலிருந்து "இது இரு தரப்பினரின் ஒப்பந்தப் பிரச்சினை" என்று இரண்டு வரி வந்தது. ஒரு வாரம் அழுதுவிட்டு, சரக்குக்கு முன்னால் அனுப்பிய புரோஃபார்மா பில், இன்வாய்ஸ், கப்பல்காரர் தந்த பில் ஆஃப் லேடிங் ரசீது, அவர் "சரக்கு நன்றாக இருக்கிறது" என்று முதலில் அனுப்பிய மெசேஜ், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, "அவரிடம் ஒருமுறை பேச முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். பேசினார்கள். நாலு மாதத்தில் பாதி வந்தது. மீதி இன்றுவரை வரவில்லை.

அவர்களுக்கு வசூலிக்கும் அதிகாரம் கிடையாது. கோர்ட்டும் கிடையாது. இரண்டு பக்கத்தையும் பேச வைக்கலாம், வக்கீல் பட்டியல் தரலாம், அவ்வளவே. அதற்குமேல் பாதுகாப்பு வேண்டுமென்றால் சரக்கு கிளம்புவதற்கு முன்னால் வாங்கியவர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் இசிஜிசி காப்பீடு எடுக்க வேண்டும். 1957-லிருந்து இருக்கும் அரசு நிறுவனம். எனக்கு அந்த அடி விழுந்தபிறகுதான் அதன் வாசலே தெரிந்தது.

சென்னையில் இருக்கும் வெளிநாட்டு அலுவலகங்களை நான் மட்டம் தட்டவில்லை. வாங்கப் போகிறவருக்கு அவைதான் வழி. ஜப்பானின் ஜெட்ரோ, கொரியாவின் கொட்ரா, மலேசியாவின் மட்ரேட் என்று அந்தந்த நாட்டு வர்த்தக அமைப்புகள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. மெஷின் வாங்க, கூட்டுத் தொழில் தேட அங்கே போகலாம். காகிதங்களுக்கு முத்திரை வாங்கவும் சில நாடுகளுக்கு அவர்கள் தூதரகம்தான். ஒரு நாட்டு முத்திரையை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் 2005-லிருந்து இந்தியா இருப்பதால் பல நாடுகளுக்கு நம் வெளியுறவுத் துறை முத்திரையே போதும். அதில் சேராத அமீரகம் மாதிரி நாடுகளுக்குத் தூதரக அட்டெஸ்டேஷன், அதாவது சான்றொப்பம், வேண்டும். போவதற்கு முன் பெயரின் எழுத்துகளை ஒன்றுக்கு மூன்று முறை ஒப்பிடுங்கள். எங்கள் சீலில் "ஸ்ரீ"க்கு எஸ்-ஹெச்-ஆர்-ஐ, ஐஇசியில் எஸ்-ஆர்-ஐ. அந்த ஒரு ஹெச்சுக்கு ஒன்பது நாள் போனது. அந்த ஒன்பது நாளில் கன்டெய்னர் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுத் துறைமுக லாரி வரிசைக்குக்கூட வந்து சேரவில்லை.

காசிமேட்டுத் தம்பி போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தான். அப்பாவின் கட்டுமரத்தில் தொடங்கி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். கட்டிங் டேபிளில் வைத்து, மாஸ்டரின் சாக்பீஸாலேயே கோடு போட்டு அடித்தேன். "அக்கா, அப்பாவப் பத்தி இருக்கிறதாவது இருக்கட்டுமே" என்றான். அதை பையரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். மிஞ்சியது ஏழு வரிகள்: நெத்திலிக் கருவாடு, அதன் கோடு, மாதம் எத்தனை கிலோ, விலை, இலங்கையில் வரி எவ்வளவு, என்னென்ன ஹெல்த் சர்டிஃபிகேட், கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாக இறக்குமதி செய்பவர்கள் யார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் முன்னால் உட்கார்ந்து அனுப்பினான். எம்பிடா பதிவு எண்ணைப் போட மறந்துவிட்டு, பத்து ஐந்துக்கு இன்னொன்று அனுப்பினான்.