நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் சலரோகக்காரருக்கு

ஓகஸ்ட் லீவில் யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவைக் கணக்குப் பார்த்து ரிக்கெற் போடுபவர் பலரின் கைப்பையில் சலரோகக் (நீரிழிவு) குளுசைப் பெட்டியும் இருக்கும். எல்லாரும் இனிப்பைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். நான் முதலில் கேட்பது கால் எப்படி என்று.

கோயிலடியில் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும். மத்தியான வெயிலில் வெளிவீதி மணல் கொதிக்கும். சலரோகத்தால் நரம்பு விறைத்துப்போன உள்ளங்காலுக்கு அந்தச் சூடு தெரியாது. போன முறை மாமாவோடு போய்விட்டு வந்து கால் கழுவும்போதுதான் பெருவிரலுக்குக் கீழே உடைந்த கொப்புளத்தைக் கண்டோம். "ஏதோ ஈரமாக் கிடக்கு எண்டு நினைச்சன்" என்றார். ஆறுவதற்கு ஆறு கிழமை பிடித்தது. விடியப்புறம் போங்கள், இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்தபின் போங்கள். ஒவ்வொரு இரவும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர் போனில் படம் எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்தது விரதம். மெற்போமின் குளுசை மட்டும் எடுப்பவருக்கு இரத்தச் சீனி அடியோடு இறங்குவது அரிது. கிளிக்கிளசைட்டோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றோடு 24ஆம் நாள் தேருக்கு நின்றால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். பக்கத்தில் நிற்பவர் வெயில் மயக்கம் என்றே நினைப்பார். மேற்சட்டை இல்லாத ஆண்களுக்குப் பொக்கற்றும் இல்லை, ஆகவே குளுக்கோஸ் வில்லையை வேட்டித் தலைப்பில் முடிந்துகொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் 15 கிராம் எடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். தண்ணீர்ப் பந்தல் சர்பத் அந்த நேரத்தில் மட்டும் மருந்து. எம்பகிளிபுளோசின், டப்பகிளிபுளோசின் குளுசை எடுப்பவர் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது.

சரி, இனிப்பு. "இது சர்க்கரை போட்ட புக்கை, சீனி போடேல்லை, சாப்பிடு தம்பி" என்பார் பெரியம்மா. ஊரில் சர்க்கரை என்றால் வெல்லம். இரத்தத்துக்கு இரண்டும் ஒன்றுதான், பனங்கட்டியும் அப்படியே. பிரசாதத்தைத் தட்டவேண்டாம், ஒரு நுள்ளு வாயில் போட்டுவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். மோதகம் ஒன்று சாப்பிட்டால் அன்றைய சோற்றைக் குறையுங்கள்.

விமானத்தில் இன்சுலின் கைப்பையில்தான் வரவேண்டும். சூட்கேசோடு போட்டால் உறையலாம், உறைந்தது உதவாது. பாவிக்கத் தொடங்கிய இன்சுலின் பேனைகள் பெரும்பாலும் 30 பாகைக்குக் கீழே 4 கிழமை தாங்கும். யாழ்ப்பாணத்துப் பகல் அதைத் தாண்டும். பிரிஜ் இல்லாத இடத்தில், நனையாத டப்பாவில் போட்டு ஈரமண் பானைக்குள் வையுங்கள். ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் கோடையில் ஒன்பதரை மணி வித்தியாசம். நீண்டநேர இன்சுலினை எப்போது போடுவது என்று புறப்படமுன் வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள்.

அப்புறம் சீனி பார்க்கும் மீற்றர். கனடா, லண்டன் மீற்றரில் 7 (mmol/L) என்பது ஊர்க் கணக்கில் 126 (mg/dL). 18ஆல் பெருக்கவேண்டும். 4க்குக் கீழே, அதாவது ஊரில் 70ஐ ஒட்டி இறங்கினால் உடனே இனிப்பு. ஆள் மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.