பழைய பத்திரமும் ஆன்லைன் பட்டாவும்: ஒத்துப் பார்க்கும் வழி

செஞ்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புரளும் நாட்களில் பட்டா கேட்டு வருகிற கூட்டம் கூடும். "எங்கப்பா பேர்ல நிலம் இருக்கு, பாத்துச் சொல்லும்மா" என்பார்கள். கையில் ஒரு காகிதமும் இருக்காது. எங்கள் ஊரில் ஏழுமலை என்று எத்தனை பேர், முருகேசன் என்று எத்தனை பேர்! பெயரை மட்டும் வைத்துத் தேடி எடுத்த பட்டாவோடு அடுத்தவர் நிலத்துக்குச் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. இதையெல்லாம் நீங்களே கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். என்ன, பார்க்கிற வரிசைதான் முக்கியம். இணையதளத்தைத் திறப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுப்பது.

பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் சொத்து விவரம் இருக்கும். கிராமத்தின் பெயர், உட்பிரிவோடு சேர்ந்த சர்வே நம்பர், விஸ்தீரணம் என்கிற பரப்பு, செக்குபந்தி என்கிற நான்கெல்லை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செக்குபந்தியை நிறையப் பேர் தலைகீழாகப் படிக்கிறார்கள். "ஏழுமலை நிலத்துக்குக் கிழக்கு" என்று எழுதியிருந்தால் உங்கள் நிலம் ஏழுமலை நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். அப்படியானால் ஏழுமலை உங்களுக்கு மேற்கே இருக்கிறார். இதை மாற்றிப் படித்துவிட்டு "எல்லையே தப்பா இருக்கு" என்று பதறி வருவார்கள்.

கிணற்றில் 4-ல் 1 பங்கு, மின்மோட்டாரில் பங்கு, வண்டிப்பாதை உரிமை என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் அதையும் தாளில் தனியாகக் குறித்துவையுங்கள். இவை பட்டாவில் வராது. பத்திரத்தில் மட்டும்தான் இருக்கும். எங்கள் பக்கத்தில் நிலத்தை விடக் கிணற்றுப் பங்குக்குத்தான் வழக்கு அதிகம்.

இனி கைபேசியை எடுக்கலாம். தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் பட்டா, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம், கிராமத்து நிலங்களின் கணக்கேடான அ-பதிவேடு மூன்றையும் பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பெயரை விட்டுவிட்டு சர்வே நம்பரை வைத்துத் தேடுங்கள். பழைய பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கும். அது 1993-ல் விழுப்புரம், கடலூர் என்று பிரிந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போனது. அதனால் உங்கள் கிராமம் இன்றைக்கு எந்த மாவட்டம், எந்த வட்டத்தில் இருக்கிறதோ அதன் கீழ்தான் தேட வேண்டும். ஊருக்குள் இருக்கிற வீட்டு மனை என்றால் நத்தம் என்ற பிரிவில் பாருங்கள். நகரம் என்றால் வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் கேட்கும். அது வேறு பதிவேடு.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். பத்திரத்திலோ ஏக்கரும் சென்ட்டும் இருக்கும். இன்னும் பழசு என்றால் காணியும் குழியும். ஏர் எண்ணிக்கையை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும். பட்டாவில் 0 - 48.50 என்றிருந்தால் ஏறக்குறைய 119.8 சென்ட். பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்றிருந்தால் இரண்டும் ஒன்றுதான். அந்தச் சின்ன வித்தியாசம் கணக்கை முழுதாக்கியதில் வந்தது. காணி என்றால் 1 ஏக்கர் 32 சென்ட் என்பது பொதுக் கணக்கு, ஆனால் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். காணிக் கணக்குப் பத்திரத்தை வைத்துக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரரோடு ஒரு சென்ட்டுக்காக மல்லுக்கு நிற்காதீர்கள்.

கூட்டுப் பட்டா என்றால் கவனம் வேண்டும். ஐந்து பெயர் இருக்கும், மொத்தப் பரப்பு இருக்கும், யாருக்கு எவ்வளவு என்பது இருக்காது. "என் பேரு முதல்ல இருக்கு, எனக்குத்தான் அதிகம்" என்று வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் வரிசைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பங்கைச் சொல்வது பத்திரமும் வாரிசு முறையும்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: பட்டா மட்டும் வைத்து யாரும் உரிமையாளர் ஆகிவிட முடியாது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் இருப்பது உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பட்டாவும் பத்திரமும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்க வேண்டும்.

சர்வே நம்பரைப் போட்டதும் "பதிவு இல்லை" என்று வந்தாலோ, முன்பின் தெரியாதவர் பெயர் வந்தாலோ உடனே யார் மீதும் பழி போடாதீர்கள். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலவுடைமைப் பதிவேடுகளை மறுபடி எழுதினார்கள். யுடிஆர் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் எல்லோரும் சொல்வது அதைத்தான். அப்போது பல இடங்களில் பழைய எண்கள் மாறின, புதிய உட்பிரிவுகள் வந்தன, சில இடங்களில் ஆளே மாறிப்போனார்கள். உங்கள் தாத்தா 1965-ல் வாங்கிய பத்திரத்தில் இருப்பது பழைய எண்ணாக இருக்கலாம். அ-பதிவேட்டை எடுங்கள். அதில் இப்போதைய எண்ணோடு பழைய புல எண்ணும் இருக்கும். நன்செயா புன்செயா, ரயத்துவாரி என்கிற தனியார் பட்டா நிலமா அரசு நிலமா என்பதும் அதிலேயே தெரியும். என்னைக் கேட்டால் பட்டாவை விட இந்த ஒரு தாள்தான் அதிகம் பயன்படும். கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

அடுத்தது புலப்படம். அதில் நீளமெல்லாம் மீட்டரில் இருக்கும். உங்கள் புலத்தைச் சுற்றியிருக்கிற எண்களும் தெரியும். அந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பட்டா எடுத்துப் பாருங்கள். அங்கே வருகிற பெயர்களை உங்கள் பத்திரத்துச் செக்குபந்தியோடு வைத்துப் பாருங்கள். மேற்கே ஏழுமலை என்று பத்திரம் சொல்கிறது, படத்தில் மேற்கே இருக்கிற எண்ணின் பட்டாவில் ஏழுமலை அல்லது அவர் பிள்ளைகளின் பெயர் வருகிறது என்றால் நீங்கள் சரியான நிலத்தில் நிற்கிறீர்கள். நான்கு பக்கமும் பொருந்தாவிட்டாலும் இரண்டு பக்கமாவது பொருந்த வேண்டும். பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்த வேலை கால் மணியில் முடிந்துவிடும். எழுபது வயது அத்தை ஒருவர் படத்தைப் பார்த்தபடியே "இது சின்னத்தம்பி கொல்லை, இது பெரியவூட்டுக் கொல்லை" என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். எந்த மென்பொருளும் அப்படிச் சொல்லாது.

அப்புறம் வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மேல் பதிவான ஆவணங்களின் பட்டியல். இது பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் இருக்கிறது. பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதல் பார்க்கலாம், பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. வங்கிக்கோ நீதிமன்றத்துக்கோ சான்றிட்ட பிரதி வேண்டுமென்றால்தான் பணம் கட்ட வேண்டும். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம் என்று கேட்கும். பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். கிராமம் பிற்பாடு வேறு அலுவலகத்துக்கு மாறியிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும்.

இங்கே பலர் ஒரே ஒரு தேடலோடு நிறுத்திவிடுகிறார்கள். உங்கள் நிலம் இன்று 45/2B1 என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு ஆவதற்கு முன்னால் எழுதிய பத்திரங்கள் 45/2 என்றோ வெறும் 45 என்றோ பதிவாகியிருக்கும். யுடிஆருக்கு முந்தியவை அ-பதிவேட்டில் பார்த்த அந்தப் பழைய எண்ணில் கிடக்கும். எல்லா எண்ணையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். வருகிற ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், முந்தைய ஆவண எண் எது என்று பாருங்கள். இன்று வாங்கியவர்தான் அடுத்த முறை எழுதிக்கொடுத்தவராக வர வேண்டும். நடுவில் ஒரு பெயர் சங்கிலியில் சேராமல் வந்தால் அந்த ஆவணத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகுதான் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டும். அடமானம் இருந்து, கடன் அடைத்த ரசீதைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் கடன் இன்னும் நிற்பதுபோலவே தெரியும். கடன் கொடுத்தவரிடம் ரசீது எழுதி வாங்கிப் பதிந்துவிடுங்கள். வில்லங்கத்தில் உயில் வராது, பதிவு செய்த உயிலுக்குத் தனிப் புத்தகம். வெறும் தாளில் போட்ட ஒப்பந்தமும் வராது. வில்லங்கம் சுத்தமாக வந்தது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம்.

எல்லாம் பொருந்தினால் பட்டா மாறுதலுக்கு வரலாம். 2018-ல் பதிவுத்துறையின் ஸ்டார் 2.0 என்கிற கணினித் திட்டம் வந்த பிறகு பத்திரம் பதிவானதும் பட்டா மாறுதல் மனு கணினி வழியாகவே தாலுகா அலுவலகத்துக்குப் போகிறது. விற்றவர் பெயரில் மட்டும் பட்டா இருந்து, அந்த உட்பிரிவை முழுதாக விற்றிருந்தால் பட்டா தானாகவே மாறுகிற ஏற்பாடும் உண்டு. அதனால் நிலம் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பத்திரம் போடுவதற்கு முன்னால் விற்பவரின் பெயருக்குப் பட்டாவை மாற்றச் சொல்லுங்கள். அவர் "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றால் அவசரப்படாதீர்கள். அவருக்கே முடியாத வேலை உங்கள் தலையில் விழும்.

பட்டா அப்படித் தானாக மாறாதவர்கள் தமிழ்நிலம் தளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம், இ-சேவை மையத்துக்கும் வரலாம். உட்பிரிவு இல்லாத மாறுதல் கிராம நிர்வாக அலுவலர் அறிக்கையோடு மண்டலத் துணை வட்டாட்சியரிடம் போகும். நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்றால் நில அளவர் வந்து அளக்க வேண்டும், உத்தரவு வட்டாட்சியரிடமிருந்து வரும். அளக்க வருகிற நாளில் பக்கத்து நிலத்துக்காரர்களுக்குச் சொல்லி அழைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா இறந்து பிள்ளைகள் விண்ணப்பிக்கிற வழக்குதான் எங்களிடம் அதிகம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் இருந்தால் எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாக மாற்றலாம். ஒருவர் பெயருக்கு மட்டும் வேண்டும் என்றால் பாகப்பிரிவினையோ, மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமோ பதிவு செய்ய வேண்டும். அக்கா தங்கைகளின் பெயரை விட்டுவிட்டு மனு போடச் சொல்லிக் கேட்பார்கள். வாரிசுச் சான்றில் அவர்கள் பெயர் இருக்கும், மனு திரும்பி வரும். கேட்டுத் திட்டு வாங்கினாலும் நான் அப்படிப் பதிவேற்ற மாட்டேன்.

ஸ்கேன் செய்யும்போது பத்திரத்தின் எல்லாப் பக்கத்தையும், பின்பக்க முத்திரை உட்பட, எழுத்து தெரிகிற மாதிரி எடுங்கள். பெயர் எழுத்துப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் அதற்கான விளக்கத்தையும் சேர்த்தே கொடுங்கள். விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் மனு யாரிடம் நிற்கிறது என்று ஆன்லைனிலேயே தெரியும்.

மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். ஆவணம் போதவில்லை என்றால் சேர்த்து மறுபடி விண்ணப்பிக்கலாம். உத்தரவே தவறு என்று நினைத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். யுடிஆரில் ஆள் மாறிப்போன வழக்குகளில் ஆன்லைன் பொத்தான் எதுவும் உதவாது, காகித மனுதான். ஆண்டுக்கு ஒருமுறை தாலுகாவில் நடக்கிற வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியிலும் கொடுக்கலாம். மூலப்பத்திர நகல், பழைய எண் காட்டும் அ-பதிவேடு, கிடைக்கிற மட்டும் பின்னோக்கி எடுத்த வில்லங்கம், நிலவரி ரசீதுகள் ஆகியவற்றை மனுவோடு இணையுங்கள். மனுவைக் கொடுத்துவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.